கிணற்றைக் கேட்டுவிட்டுக் கல்லை எடுங்கள்

மீன்தொட்டி: கேள்வி பதில்

சென்ற இதழில் வடிகட்டியைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "கண்ட கல்லையும் தொட்டிக்குள் போடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வடிகட்டியைப் பற்றி இரண்டு கடிதம் வந்தது. கல்லைப் பற்றி ஒரு கட்டு. எல்லாவற்றையும் இங்கே போட இடமில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். இரசாயனம் படிப்பித்த காலத்தை விட மீன் வளர்த்த காலம் எனக்குக் கூட. ஆகையால் இடையிடையே வகுப்பறை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், எங்கள் வளவில் கிணற்றை ஆழமாக்கியபோது வெளியே எடுத்த வெள்ளைக் கற்கள் துளை துளையாக, பார்க்க வடிவாக இருக்கின்றன. மூன்றடித் தொட்டியில் கப்பியும் மொலியும் வளர்க்கிறேன். மீன் விற்பவர் அந்தக் கல்லை வைத்தால் மீன் செத்துவிடும் என்கிறார். உண்மையா? (வாசகி, மானிப்பாய்)

உங்கள் மீன் சாகாது. அவர் சொன்னதும் முழுப் பொய்யல்ல. இரண்டுக்கும் நடுவில் உங்கள் கிணறு இருக்கிறது.

அந்தக் கல் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. புத்தளம் பக்கமிருந்து வடக்கே வரும் கரையோரப் பட்டியும் நமது குடாநாடும் மட்டும் வேறு. மயோசீன் காலத்தில், அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கடலடியில் சிப்பியும் முருகையும் படிந்து இறுகிய கல் இது. கல்லை உடைத்துப் பார்த்தால் சில வேளை சிப்பியின் அச்சு தெரியும். இரசாயனப் பெயர் கல்சியம் காபனேற்று.

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்ததெல்லாம் உங்கள் கிணற்றில் நிற்கிறது. நம்பாவிட்டால் குசினிக்குள் போய்க் கேத்தலின் உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது என்ன? தேசிக்காய்ப் புளி விட்டால் பொருபொருவென்று பொங்கிக் கழன்று வருகிறதே, அதுவும் இதே கல்சியம் காபனேற்றுத்தான். நாங்கள் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணீரோடு கொஞ்சம் வளவைக் குடிக்கிறோம் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிக்கும்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். தேத்தண்ணீரில் சீனி கரைய ஓர் அளவு உண்டு. அந்த அளவு முடிந்தால் மேலே போடும் சீனி அடியில்தான் கிடக்கும். உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏற்கனவே சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து வயிறு நிறைந்த தண்ணீர். அதே கல்லை மறுபடி அதற்குள் வைத்தால் பெரிதாக ஒன்றும் கரையப் போவதில்லை. தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பீஎச் 8ஐ ஒட்டி நிற்கும், அதற்கு மேல் ஓடிப்போகாது. கப்பி, மொலி, பிளட்டி, சோட்டெயில் எல்லாம் இப்படிச் சுண்ணாம்பு கரைந்த கடினநீரை விரும்புகிற கூட்டம். மொலி கொஞ்சம் சவர்த் தண்ணீரிலும் சீவிக்கும். தொட்டி பழசாகும்போது மீன் கழிவினால் தண்ணீர் மெல்ல அமிலமாகப் பார்க்கும். அப்போது அந்தக் கல்லே கொஞ்சம் கரைந்து அதைத் தடுக்கும். ஆகவே தாராளமாக வையுங்கள்.

மீன் விற்பவர் அப்படிச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நியோன் ரெட்ரா, டிஸ்கஸ் போன்றவை அமேசன் பக்கத்து மென்நீர் மீன்கள், அதாவது சுண்ணாம்பு அதிகம் கரையாத தண்ணீரில் வாழ்பவை. நம்முடைய செரி பார்ப் இருக்கிறதே, இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத மீன், அதுவும் தென்மேற்கின் மழைக்காட்டு ஓடைகளில் இருந்து வந்தது. அங்கே ஓடையின் அடியில் சுண்ணாம்புக்கல் இல்லை. இந்த மீன்களுக்காக நீங்கள் மழைத் தண்ணீர் பிடித்து வளர்த்தால், அதே மானிப்பாய்க் கல் வேறு வேலை செய்யத் தொடங்கும். மழைத் தண்ணீர் பசியோடு இருக்கும் தண்ணீர். எதைக் கண்டாலும் கரைக்கும்.

ஒரு விசயம் மட்டும் பாருங்கள். துளைகளுக்குள் மண் அடைந்திருக்கும். புகையிலை, வெங்காயத் தோட்டத்து ஓரத்தில் வருடக்கணக்காகக் கிடந்த கல்லென்றால் எண்ணெயும் மருந்தும் அந்தத் துளைக்குள் ஊறியிருக்கும். அதைக் கழுவி எடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியாது. கிணற்றுக்குள்ளிருந்து நேராக வந்த கல் என்றால் சரி.

கல்லின் மேல் வினாகிரி விட்டுப் பார்த்தேன். பொங்கவில்லை. அப்படியென்றால் அந்தக் கல் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா? (உயர்தர மாணவர், சாவகச்சேரி)

தம்பி, விஞ்ஞானப் பிரிவா? அப்படியானால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

முதலாவது, கடையில் விற்கும் வினாகிரி மெலிந்த அமிலம். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் அசற்றிக்கமிலம் இருக்கும். தேசிக்காய்ப் புளி அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே வேலை செய்யும். இரண்டாவது, கல்லின் மேற்பரப்பில் பாசியோ மண்ணோ எண்ணெயோ இருந்தால் அமிலம் கல்லைத் தொடவே தொடாது. ஆகையால் ஓர் இரும்பு ஆணியால் கல்லைக் கீறி, அந்தத் தூளின் மேல் ஒரு துளி விடும். மூன்றாவது, தொலமைற்று என்று ஒன்று படித்திருப்பீர். கல்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று. கட்டியாக இருக்கும்போது அது குளிர்ந்த மெல்லிய அமிலத்துக்கு அசையாமல் இருக்கும். தூளாக்கினால்தான் மெல்லக் குமிழ் விடும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் காதுக்குக் கிட்டே பிடித்துக் கேளும். சோடாப் போத்தல் திறந்தது போல ஒரு மெல்லிய சத்தம் வரும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் நிற்க, ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டுப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. வீட்டில் மலசலகூடம் கழுவும் அமிலப் போத்தலை எடுத்து விளையாட வேண்டாம். அதை வெளிற்றும் திரவத்தோடு கலந்தால் குளோரீன் வாயு வரும். பற்றறி அசிட்டும் இதற்கு உதவாது. சல்பூரிக் அமிலம் சுண்ணாம்புக்கல்லில் பட்டால் மேலே ஜிப்சம் படலம் ஒன்று மூடி, பொங்குவது இடையில் நின்றுபோகும். நீர் கல் நல்லதென்று நினைத்துவிடுவீர்.

இவ்வளவும் செய்தும் பொங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கல்லில் காபனேற்று இல்லை. அவ்வளவுதான். செம்பு இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று தேசிக்காய் சொல்லாது. அதைக் கண்ணால் பார்க்கவேண்டும். பொன் போல மினுங்கும் கோடு, பச்சை அல்லது நீலப் படிவு, துருப்பிடித்த நரம்பு, உடைத்தால் கந்தக மணம், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தக் கல்லை வேலியோரம் போட்டுவிடும். இரும்புத் துரு கொஞ்சம் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் செம்பு மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும், அதன்பிறகு மீனையும் பிடிக்கும்.

கடைசி நீதவான் வாளிதான். இரண்டு பிளாஸ்ரிக் வாளி எடும். இரண்டிலும் ஐந்து ஐந்து லீற்றர் மழைத் தண்ணீர். ஒன்றில் கழுவிய கல், மற்றதில் ஒன்றுமில்லை. இரண்டாவது வாளி எதற்கு என்று கேட்கமாட்டீர், கட்டுப்பாட்டுப் பரிசோதனை படித்திருக்கிறீர்தானே. மேலே துணியால் இறுக்கிக் கட்டும். இது முக்கியம். திறந்து வைத்தால் நுளம்பு முட்டையிடும். டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் "இது விஞ்ஞானம்" என்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டு வாரம் விட்டு, கரைந்த உப்பை அளக்கும் பேனை போன்ற மானியால் இரண்டையும் அளந்து பாரும். கல் கிடந்த வாளியின் எண் மற்றதைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தால் பயமில்லை. இரண்டு மூன்று மடங்கானால் அது கரைகிற கல். பிறகு அந்த வாளியில் நான்கு குளத்து நத்தையை விட்டுப் பார்க்கலாம். ஓட்டுக்குள் சுருண்டு விழுந்து கிடந்தால் கல் வேண்டாம். நத்தையைத் தூக்கி நல்ல தண்ணீரில் விட மறக்கவேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரில் இந்தப் பரிசோதனையைச் செய்யாதேயும். அது வயிறு நிறைந்த தண்ணீர் என்று மேலே சொன்னேன். எந்தக் கல்லும் அதில் நல்ல பிள்ளைபோல இருக்கும்.

மழைத் தண்ணீரில் நியோன் ரெட்ரா வளர்க்கிறேன். அழகுக்காக வெள்ளைப் படிகக்கல் வாங்கப் போகிறேன். அது கரையாது என்கிறார்கள். சரிதானே? (வாசகர், நல்லூர்)

படிகக்கல் கரையாது. ஆனால் நீங்கள் வாங்கப் போவது படிகக்கல்தானா?

நான் இதில் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். உறவுக்காரர் ஒருவர் மலைநாட்டுப் பக்கம் போனபோது எனக்கென்று ஒரு வெள்ளைக் கல் கொண்டுவந்தார். தேங்காய்ப் பாதி அளவு. பால் வெள்ளை, வெயிலில் பிடித்தால் சீனி போல மினுங்கும். "ரீச்சருக்குப் படிகக்கல்" என்று கையில் தந்தார். ரீச்சரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்பவள் தன் வீட்டில் செய்யவில்லை. நியோன் பத்து இருந்த தொட்டியின் நடுவில் வைத்தேன். மழைத் தண்ணீர் பத்துப் பங்குக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்த தொட்டி. தொடக்கத்தில் மானியில் 60க்குக் கிட்ட நின்றது. ஒரு மாதம் அளக்கவில்லை. மீன்கள் கொஞ்சம் நிறம் மங்கியதுபோல இருந்தது, அது விளக்கின் குறை என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை பாதித் தண்ணீரை மாற்றினேன். புது மழைத் தண்ணீர், வடிவான தண்ணீர். பின்னேரத்துக்குள் ஏழு மீன் மிதந்தது.

கல் சலவைக்கல். சுண்ணாம்புக்கல்லே பூமிக்குள் வெந்து உருமாறினால் சலவைக்கல். தொட்டியில் எஞ்சிய தண்ணீரை அளந்தபோது பாதி மாற்றிய பிறகும் 150க்கு மேல் நின்றது. அப்படியானால் மாற்றுவதற்கு முன் எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாக மெல்ல மெல்ல ஏறிய கடினத்துக்கு மீன்கள் எப்படியோ பழகிவிட்டன. நான் ஒரே மணித்தியாலத்தில் அதைத் தலைகீழாக மாற்றினேன். அந்தப் பாய்ச்சலைத்தான் அவற்றால் தாங்க முடியவில்லை. கல்லைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படிகக்கல்லையும் சலவைக்கல்லையும் பிரிக்க ஒரு நிமிடம் போதும். ஆணியால் கீறுங்கள். சலவைக்கல் கீறுப்படும். கல்லின் உறுதியைக் காட்டும் மோவின் அளவுகோலில் அது 3, படிகக்கல் 7. படிகக்கல்லில் ஆணிதான் தேயும், கல்லில் ஒரு சாம்பல் கோடு விழும், துடைத்தால் போய்விடும். படிகக்கல் கண்ணாடியைக் கீறும். பழைய போத்தல் ஒன்றில் தேய்த்துப் பாருங்கள், தொட்டிக் கண்ணாடியில் பார்க்கவேண்டாம். தேசிக்காய்த் துளியும் விட்டுப் பாருங்கள்.

பளபளவென்று மெருகேற்றி வலைப்பையில் விற்கும் வெள்ளைக் கூழாங்கற்களையும் இப்படியே சோதியுங்கள். அவற்றில் பல சலவைக்கல் துண்டுகள். சிலவற்றுக்கு மெழுகும் பூசியிருக்கும். சுடுதண்ணீரில் போட்டால் மேலே எண்ணெய்போல மிதந்தால் வாங்கின காசு போனதென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பாதையோரம் நல்ல கருங்கற்கள் கிடக்கின்றன. நானும் நண்பனும் நான்கைந்து எடுத்து வந்தோம். (மாணவர், கொடிகாமம்)

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பாதை பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கற்களால்தான். திருப்பிக் கொண்டுபோய்ப் போடும். பாதையில் ரயில் வராத நேரம் பார்த்துப் போகவும் வேண்டாம், பெரியவர் ஒருவரோடு போய்க் கடவைக் காவலாளியிடம் கொடும்.

கல்லின் இனம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் டீசலும் எண்ணெயும் தடுப்பு இரும்புத் தூளும், ரயில் மலசலகூடத்திலிருந்து விழுவதும் எல்லாம் அதன்மேல்தான்.

அப்படியானால் நல்ல கருங்கல்லுக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்தில் கருங்கல்லே இல்லையே. (வாசகர், உரும்பிராய், இதே கேள்வி வேறு மூவரிடமிருந்தும்)

வெட்டியெடுக்க இல்லை. ஆனால் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. கட்டட வேலைக்கு வரும் சல்லியும் பெருங்கல்லும் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துப் பாறை. நெய்சு என்று பெயர். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருக்கும். தண்ணீரில் நனைந்தால் அந்தப் பட்டை எழும்பித் தெரியும். என் கண்ணுக்கு அதைவிட வடிவான தொட்டிக் கல் இல்லை. வீடு கட்டும் இடத்தில் கேட்டால் நான்கு கல் தரமாட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சீமெந்து படாத கல்லாகப் பாருங்கள். புதுச் சீமெந்து பட்ட கல் தண்ணீரின் பீஎச்சை 11, 12 என்று தூக்கி எறியும். சுண்ணாம்புக்கல்லுக்கு உள்ள அடக்கம் சீமெந்துக்கு இல்லை.

இன்னொரு இடம் கோயில் திருப்பணி. கருங்கல் வேலை நடக்கும் கோயில்களில் சிற்பிகள் செதுக்கி விழுந்த துண்டுகள் குவிந்து கிடக்கும். கேட்டு எடுங்கள். ஓரங்கள் கத்திபோல இருக்கும், அதனால் இரண்டு கல்லை ஒன்றோடொன்று உரசி மழுக்கிவிடுங்கள். தங்கமீன் வளர்ப்பவர்கள் இதில் கவனம், அது முட்டி மோதித் திரியும் மீன்.

கல்லே வேண்டாம் என்றால் மண்சட்டி உடைந்த ஓடும் பழைய முகட்டு ஓடும் போதும். வர்ணம் பூசாதது, பளபளப்புப் பூச்சு இல்லாதது. கவிழ்த்து வைத்தால் மீனுக்கு வீடு. ஒரு சதம் செலவில்லை.

கிருமி போகட்டும் என்று கல்லை அரை மணித்தியாலம் அவித்தேன். அடுப்பில் டமார் என்று ஒரு சத்தம். சட்டியில் ஓட்டை, கல் மூன்று துண்டு. ஏன்? (வாசகி, சுன்னாகம்)

உங்களுக்குக் காயம் இல்லையே? கடிதத்தில் அதை எழுதவில்லை.

கல்லுக்குள் வெடிப்பும் நுண்துளையும் உண்டு. அதற்குள் தண்ணீர் புகுந்திருக்கும். வெளிவர வழியில்லாமல் சூடேறினால் அது ஆவியாகி உள்ளே இருந்து கல்லைப் பிளக்கும். கல்லின் ஒரு பக்கம் சட்டியோடு ஒட்டிக் கடுமையாகச் சூடாகி, மறுபக்கம் பின்தங்கினாலும் பிளக்கும். கல்லை அவிக்கவேண்டாம், நெருப்பில் போடவேண்டாம், போறணையில் வைக்கவேண்டாம்.

தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவுங்கள், சவுக்காரம் வேண்டாம். வாளிக்குள் வைத்துக் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு ஆறவிடுங்கள். நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். பங்குனி சித்திரை வெயிலென்றால் வேறெதுவும் தேவையில்லை. குளத்திலிருந்தோ வேறொருவர் தொட்டியிலிருந்தோ வந்த இறுகிய கருங்கல்லுக்கு மட்டும், வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் இருபது பங்கு கலந்து பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மணம் முழுதும் போகும்வரை கழுவிக் காயவிடலாம். துளைக்கல்லுக்கு அது வேண்டாம், உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.

நாங்கள் இலண்டனில் இருக்கிறோம். போன வருடம் ஊருக்கு வந்தபோது, இடிந்து கிடந்த அம்மாவின் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு கல் எடுத்துக்கொண்டு வந்தேன். தொட்டியில் வைத்தால் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஆசை. தங்கைக்கும் ஒன்று வேண்டுமாம், அவள் கிளாஸ்கோவில். (வாசகி, இலண்டன்)

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது சுண்ணாம்புக்கல்தான், ஓரத்தில் முருகைத் துண்டும் இருக்கிறது. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இலண்டனின் குழாய்த் தண்ணீரும் கடினநீர். அங்கே நிலத்தடியில் சோக்குப் பாறை. அதுவும் கல்சியம் காபனேற்றுத்தான். உங்கள் கேத்தலிலும் எங்கள் கேத்தலைப்போலவே வெள்ளை படிந்திருக்கும், பாருங்கள். ஆகவே அம்மாவின் கல் அங்கேயும் ஏறக்குறைய ஊரில் இருந்ததுபோலவே இருக்கும். மொலி, பிளட்டி வளர்த்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுக்கு இன்னும் நல்லது, அந்த ஏரியின் பீஎச்சே 8ஐ ஒட்டியது.

கிளாஸ்கோ வேறு. அங்கே கற்றின் ஏரியிலிருந்து வரும் தண்ணீர் மிக மென்மையானது. எங்கள் மார்கழி மழையைப்போலப் பசித்த தண்ணீர். தங்கையின் கல் அதில் மெல்ல மெல்லக் கரையும், தண்ணீரும் நாளுக்கு நாள் மாறும். கடினநீர் மீனாக வளர்த்தால் அது உதவிதான். மென்நீர் மீன் வைத்திருக்கிறார் என்றால் கல்லைத் தொட்டிக்கு வெளியே, பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கல்லில் ஒட்டியிருக்கும் சாந்தையும் வெள்ளையடிப்பையும் வர்ணத்தையும் முழுக்கச் சுரண்டி எடுக்கவேண்டும். பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் இருந்தது. பச்சையோ நீலமோ பூசிய அறைச் சுவர் என்றால் வர்ணம் பட்ட பக்கத்தை முழுதாக உடைத்து எடுத்துவிட்டு மிச்சத்தை வையுங்கள். சுரண்டும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், தூசு எழும்பக்கூடாது. உடைக்க மனம் வராது என்றால் வெளியே வையுங்கள்.

கசூரினாக் கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கல்லும் சோகியும் நன்னீர்த் தொட்டிக்கு ஆகுமா? (வாசகர், காரைநகர்)

உப்பைக் கழுவினாலும் அது சுண்ணாம்புதான். மானிப்பாய் வாசகிக்குச் சொன்னது உங்களுக்கும். ஒன்றிரண்டு சோகி, ஊரி என்றால் போகட்டும். முருகைக்கல்லைப் பெயர்ப்பதும் அகழ்வதும் சட்டப்படி குற்றம், 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இருக்கின்றன. நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அங்கே சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகளிலிருந்து "ஒன்றே ஒன்று" என்று உருவுவதாகவும் கேள்விப்படுகிறேன். ஆளுக்கொன்று உருவினால் வேலி எங்கே நிற்கும்?

கொழும்பிலிருந்து தபாலில் "சீர்யு" கல் வாங்கினேன். கிலோவுக்கு நல்ல விலை. தேசிக்காய் விட்டால் பொங்குகிறதே! ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், கோண்டாவில்)

ஏமாற்றவில்லை, அந்தப் பெயரில் விற்கும் கல் பெரும்பாலும் பொங்கும். சாம்பல் நிறம், வெள்ளை நரம்பு, ஜப்பான் பெயர், உள்ளே நம்முடைய சொந்தக்காரன். கோண்டாவிலில் இருந்துகொண்டு காசு கொடுத்துச் சுண்ணாம்புக்கல் வாங்கிய முதல் ஆள் நீங்களாக இருக்கலாம். தாவரத் தொட்டிக்குக் காபனீரொட்சைட்டு செலுத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாயு தண்ணீரை அமிலமாக்கி வயிற்றில் மறுபடி இடம் உண்டாக்கும், கிணற்றுத் தண்ணீரிலும் கல் கரையும். வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை வளர்த்துப் பாருங்கள், அது சுண்ணாம்புத் தண்ணீரில் வாயு இல்லாமலே புல்லுப்போல வளரும். எரிமலைக் கல்லும் "டிராகன்" கல்லும் இப்படிக் கரையாது. ஆனால் டிராகன் கல்லின் பொந்துக்குள் களிமண் இருக்கும், பொறுமையாகக் கழுவவேண்டும்.

இரண்டடித் தொட்டி எத்தனை கிலோ கல் தாங்கும்? (வாசகி, பருத்தித்துறை)

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் முழுதாக நிரப்பினால் 56 லீற்றர் சொச்சம், அதாவது அவ்வளவு கிலோ தண்ணீர். அதோடு ஒப்பிட்டால் பத்துக் கிலோ கல் பெரிய பாரமல்ல. அது நாலு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவான இடத்தைத்தான் பிடிக்கும். கண்ணாடியை உடைப்பது மொத்தப் பாரமல்ல, ஒரு கூரான மூலை ஒரே புள்ளியில் அழுத்துவதுதான். மெல்லிய றெஜிபோம் தகடு ஒன்றை உள்ளே அடியில் விரித்து, அதன்மேல் கல்லை வைத்து, பிறகு மணலைப் போடுங்கள். மணலின் மேல் கல்லை வைத்தால் மீன் கீழே தோண்டி ஒரு நாள் இரவு சரித்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மீன்தொட்டிச் சிலிக்கனால் ஒட்டுங்கள்.

அம்மம்மாவின் உடைந்த அம்மிக்குழவி வீட்டில் சும்மா கிடக்கிறது. நல்ல கருங்கல். (வாசகர், வட்டுக்கோட்டை)

மிளகாயும் தேங்காயெண்ணெயும் எத்தனை வருடம் ஊறியதோ. தேய்த்துக் கழுவி, இரண்டு வார வாளிப் பரிசோதனையில் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வராவிட்டால் வைக்கலாம். உருளும் சாமான், படுக்க வைத்து இரண்டு பக்கமும் அண்டை கொடுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

இத்துடன் ஒரு கல் அனுப்பியிருக்கிறேன். சோதித்துச் சொல்லவும். (வாசகர், புத்தூர்)

தபால்காரர் முறைத்தாராம். கீறினேன், கீறுப்பட்டது. தேசிக்காய் விட்டேன், பொங்கியது. நிலாவரைக் கிணற்றுக்குக் கிட்ட இருந்துகொண்டு வேறென்ன கல் கிடைக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? நீங்கள் வளர்ப்பது என்ன மீன், ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. அதனால் ஆகும் ஆகாது என்று சொல்ல முடியவில்லை. எழுதுங்கள், அடுத்த இதழில் சொல்கிறேன். கல் அலுவலகத்தில் இருக்கிறது. மின்விசிறிக்குப் பறக்காமல் உங்கள் எல்லோருடைய கடிதங்களின் மேலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.